அந்தக் கத்தரிக்கோலைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

எஸ்டேட் சேலிலும் பழம்பொருள் கடைகளிலும் கவர்லெட் வாங்கும் அமெரிக்கத் தமிழர்களுக்கு,



இந்த மடல் எல்லோருக்கும் அல்ல. சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் காபியை ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு, யாரோ ஒரு மூதாட்டி வாழ்ந்து முடித்த வீட்டு வாசலில் வரிசையில் நிற்கிறீர்களே, உங்களுக்கு. பென்சில்வேனியாவோ ஒஹாயோவோ இந்தியானாவோ, நியூயார்க் மாநிலத்தின் சிற்றூர்களோ, எங்கே இருந்தாலும் அந்தப் போர்வையை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. நீலமும் வெள்ளையுமாக, தூக்கினால் கை கனக்கும். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு தையல் ஓடும். குயில்ட் அல்ல. குயில்ட் என்பது துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைப்பது. இது தறியில் நெய்தது. பருத்திப் பாவில் (நீளவாட்டு இழை) கம்பளி ஊடை (குறுக்கு இழை). படுக்கையின் மேல் விரிக்கும் இதைத்தான் இங்கே கவர்லெட் என்கிறார்கள்.

நீங்கள் வாங்குவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு செய்வதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஜாக்கெட் தைக்கிறீர்கள். முதுகில் ஒரு முழுச் சக்கர உருவம் விழ வேண்டும் என்பதற்காகப் போர்வையின் நட்டநடுவில் கத்தரி வைக்கிறீர்கள். மிச்சத்தில் குஷன் உறை, அதற்கும் மிச்சத்தில் கைப்பை. ஓரங்கள் குப்பைக்கு. அப்சைக்கிளிங் என்று அதற்கு அழகான பெயர் வேறு இருக்கிறது. வீணாகப் போகவிருந்ததைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியும் கூடவே கிடைக்கிறது. இதை நாம் தொடங்கவில்லை, உண்மை. கவர்லெட்டை வெட்டிப் பொம்மைக் கரடி தைக்கும் வழக்கம் அமெரிக்கர்களிடம் நாம் வருவதற்கு முன்பே இருந்தது. ஆனால் சமீப காலமாக நம் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் படங்களைப் பார்த்தால் நாமும் பின்தங்கிவிடவில்லை என்று தெரிகிறது.

ஒரு கைவினைச் சந்தையில் அப்படியொரு கரடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதன் வயிற்றில், வெள்ளைப் பின்னணியில் நீல எழுத்துகளாக, ஒஹாயோ என்று முடியும் ஊர்ப்பெயரின் வால்பகுதியும் அதன் கீழே 184 என்ற எண்ணும் இருந்தன. ஆண்டின் நான்காவது இலக்கம் தையலுக்குள் போய்விட்டிருந்தது. பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் கரடியின் கையை வைத்துத் தைத்திருந்தார்கள். மற்ற பாகங்கள் எங்கே என்று கேட்டேன். எல்லாம் கரடிகளாகி விற்றுத் தீர்ந்துவிட்டன என்றார் கடையில் இருந்தவர், மிகுந்த மகிழ்ச்சியுடன். அவரைத் திட்டி என்ன பயன்? அவர் கையில் இருந்தது என்ன என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. உங்களிடமும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

கரடியின் வயிற்றில் இருந்தது ஒரு போர்வையின் மூலை. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பூவும் பறவையும் கழுகும் கட்டடங்களுமாக வளைகோடுகளில் நெய்த கவர்லெட்டுகளை 1820களிலிருந்து உள்நாட்டுப் போர் வரை பெரும்பாலும் நெய்தவர்கள் தொழில்முறை ஆண் நெசவாளர்கள். ஜெர்மனியிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் தறி வேலையைக் கையோடு கொண்டு வந்து இறங்கியவர்கள் அவர்களில் ஏராளம். பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804இல் உருவாக்கிய பொறி, 1820களில் அட்லாண்டிக்கைத் தாண்டி இங்கே வந்து சேர்ந்தது. ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகச் சுழல, எந்த ஓட்டைக்கு எந்த இழை எழும்ப வேண்டும் என்பதை அட்டையே முடிவு செய்யும். காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ தறிக்கு மேலே தொங்கும் ஜக்கார்டு அட்டைகளை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்கள் என்றால், இதை நான் விளக்கவே வேண்டாம். அதே அட்டைதான். (ஆனால் விற்பவர்கள் பூப்போட்ட எல்லாவற்றையும் ‘ஜக்கார்டு’ என்று சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். அந்தப் பொறி பரவுவதற்கு முன்பே வேறு முறைகளில் இத்தகைய உருவங்களை நெய்தவர்கள் இருந்தார்கள்.)

அந்த நெசவாளர்கள் போர்வையின் கீழ் மூலைகளில் ஒரு சிறு கட்டம் ஒதுக்கினார்கள். அதில் நெய்தவர் பெயர், ஊர், கவுண்டி, ஆண்டு. பல நேரங்களில் வாங்கியவர் பெயரும். நியூயார்க் மாநிலம் ஜெஃபர்சன் கவுண்டியில் இருந்த ஹாரி டைலர், மூலையில் முதலில் சிங்கத்தை நெய்தார், பிற்பாடு கழுகுக்கு மாறினார். இந்தியானாவின் கிரெய்க் குடும்பத்தாரின் அடையாளம் ஒரு நீதிமன்றக் கட்டடம். எழுத்தறியாத வாடிக்கையாளருக்கும் அது யார் தறியிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். 1820களின் நியூயார்க் போர்வைகள் சிலவற்றில், விவசாயமும் உற்பத்தித் தொழிலும்தான் நம் சுதந்திரத்தின் அடித்தளம் என்று பொருள்படும் வாசகம் ஓரம் முழுக்க ஓடுகிறது. நாடு பிறந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டே ஆன காலம் அது. படுக்கையில் விரிக்கிற போர்வையில் பொருளாதாரக் கொள்கையை நெய்து வைத்தவர்களை என்னவென்று சொல்வது!

இங்கே ஒரு குழப்பம் உண்டு. விற்பவர்கள் சொல்லும் கதையிலும் அது வரும். மூலையில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கும். ‘எங்கள் கொள்ளுப்பாட்டியின் அம்மா தன் கையாலேயே நெய்தது’ என்பார்கள். பெரும்பாலும் அது உடையவரின் பெயர். அந்தப் பெண், தான் நூற்ற கம்பளியைக் கொண்டுபோய் நெசவாளரிடம் கொடுத்து, பிடித்த மாதிரியைத் தேர்ந்தெடுத்து, தன் பெயரைப் போடச் சொல்லியிருப்பாள். நெசவாளர்கள் வண்டியில் தறியை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார்கள் என்ற கதையும் அப்படித்தான். ஜக்கார்டு பொறி வைத்த தறியை அப்படியெல்லாம் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. அவர்களில் பலர் நிலபுலன் வைத்துக்கொண்டு, பயிர் வேலை ஓய்ந்த மாதங்களில் தறியில் உட்கார்ந்த குடியானவர்கள். வாடிக்கையாளர்தான் நூலைத் தூக்கிக்கொண்டு அவர்களைத் தேடிப் போனார். இப்படி யார் நெய்தது, யாருக்காக நெய்தது என்று பிரித்துச் சொல்ல ஆராய்ச்சியாளர்களுக்கு உதவியது எது தெரியுமா? முழுதாகத் தப்பிப் பிழைத்த மூலைகள்தான். ஒரே பெயர் எத்தனை போர்வைகளில் வருகிறது, எந்தப் பெயர் ஒரே ஒரு முறை வருகிறது, எந்த ஆண்டில் எந்தக் கவுண்டி என்று ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, மக்கள்தொகைக் கணக்கேட்டோடு ஒப்பிட்டுத்தான் நெசவாளர் பட்டியல்களைச் சேர்த்தார்கள். இந்தியானாவின் ஃபவுண்டன் கவுண்டியில் சாரா லாடூரெட் என்ற பெண் தந்தையின் தறியில் இத்தகைய போர்வைகளை நெய்தவர் என்று இன்று நமக்குத் தெரிகிறது. அந்தத் தொழிலில் பெயர் தெரிந்த பெண்களே அரிது. அப்படி இன்னொரு பெண் நீங்கள் வெட்டிப் போட்ட ஓரத்தில் இல்லை என்று உங்களால் நிச்சயமாகச் சொல்ல முடியுமா?

பெயர் போட்டதற்கே இந்தக் கதி. பெயரே போடாதவற்றைப் பற்றிப் பேசும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

சதுரமும் வட்டமும் சக்கரமுமாக, முழுக்க வடிவக் கணக்கில் போட்ட கவர்லெட்டுகளை ஓவர்ஷாட் என்பார்கள். அப்பலாச்சிய மலைநாட்டிலும் தெற்கிலும், வீட்டுத் தறியில், மிகப் பெரும்பாலும் பெண்கள் நெய்தவை அவை. நான் இங்குள்ள நெசவு கில்டில் சேர்ந்து முதலில் கற்றுக்கொண்டதும் இதைத்தான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல அனுமதியுங்கள். தறியில் பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதுச் சட்டங்கள் நான்கே. பாவு இழைகள் 1-2, 2-3, 3-4, 4-1 என்ற ஜோடிகளாக அவற்றில் கோக்கப்படும். நான்கு ஜோடி, நான்கு கட்டம். இப்போது 1-2 ஜோடியைக் கீழே இறக்கி நீலக் கம்பளி ஊடையை விட்டால், அந்தக் கட்டத்தின் மேல் கம்பளி எங்கும் சிக்காமல் தாவிப் போகும். அங்கே அடர் நீலம். எதிர்க்கட்டமான 3-4இல் கம்பளி அடியில் ஓடும், அங்கே வெள்ளை. இரண்டு பக்கத்துக் கட்டங்களோ ஆளுக்கொரு சட்டத்தை 1-2உடன் பங்கு போட்டுக்கொண்டவை. அங்கே கம்பளி ஓர் இழைக்கு மேலும் ஓர் இழைக்குக் கீழுமாக நுழைந்து, நீலமும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஓர் இடைநிறம் விழும். இருக்கும் நிறம் இரண்டு. கண்ணுக்குத் தெரிவது மூன்று. அந்த மூன்றாவதுதான் ஓவர்ஷாட்டின் உயிர். எட்ட நின்று பார்க்கும்போது சக்கரம் சுழல்வதுபோலத் தோன்றுவதெல்லாம் அதன் வேலை.

ஒவ்வொரு கம்பளி இழைக்கும் இடையில் ஒரு பருத்தி இழை, சாதா நெசவாக. இந்த ஏற்பாட்டினால் கம்பளி முழுவதையும் உருவி எடுத்தாலும் கீழே ஒரு முழு வெள்ளைத் துணி அப்படியே நிற்கும். பூச்சி அரித்த கவர்லெட்டில் நீலம் போன இடத்தில் வெள்ளை மட்டும் தெரிவது இதனால்தான். இதையே திருப்பிப் பாருங்கள்: தாவிப் போகும் கம்பளி துணியில் இறுக்கமாகப் பிடிபட்டு இல்லை. கத்தரி பட்ட ஓரத்தில் அது ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வரும். உங்கள் ஜாக்கெட்டின் தோள்பட்டையில் இரண்டே குளிர்காலத்தில் வெள்ளை தெரிய ஆரம்பித்தால் ஆச்சரியப்படாதீர்கள். இந்தத் துணி வெட்டித் தைப்பதற்காக நெய்யப்பட்டதே இல்லை.

நடுத்தையலுக்கு வருகிறேன். ‘அசிங்கமாக இருக்கிறது, அதனால் அந்த இடத்திலேயே பிரித்துக்கொண்டேன்’ என்று ஒரு தோழி எழுதியிருந்தார். ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவைக் கையால் இந்தப் பக்கம் எறிந்து அந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்பதால் தறியின் அகலம் நெசவாளியின் கைக்கெட்டும் தூரத்தோடு முடிந்துவிடும். ஆகவே ஒரே நீளத்தில் நெய்து, இரண்டாக வெட்டி, பக்கத்தில் பக்கம் வைத்துத் தைத்தார்கள். இதில் உள்ள கஷ்டம் தறியில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். ஊடையை அடித்து நெருக்கும்போது காலையில் ஓர் அழுத்தம், களைத்துப்போன மாலையில் ஓர் அழுத்தம் என்று இருந்தால், முதல் பாதியின் சக்கரம் வட்டமாகவும் இரண்டாம் பாதியின் சக்கரம் முட்டையாகவும் விழும். பக்கத்தில் வைத்தால் ஒட்டாது. சமையல், மாடு, குழந்தை, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் நடுவே, வாரக் கணக்கில் விட்டு விட்டு நெய்து, கடைசியில் இரண்டு பாதிகளும் சக்கரத்துக்குச் சக்கரம் பொருந்துகிற ஒரு போர்வையை நீங்கள் பார்த்தால், அந்தத் தையல்தான் அதை நெய்தவளின் கையெழுத்து. மூலையில் பெயர் போட அவளுக்கு அட்டையும் இல்லை, அந்த வழக்கமும் இல்லை. நீங்கள் பிரித்தது அந்தக் கையெழுத்தை.

இதற்கு முந்திய வேலை நெசவைவிடப் பெரிது. ஆட்டு மயிரைக் கழுவி, வாரி, நூற்று, முறுக்கி, சாயம் தோய்க்க வேண்டும். தறியில் ஒருத்தி உட்கார வேண்டுமானால் ராட்டையில் பல பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். சிவப்புக்கு மேடர் வேர், நம் மஞ்சிட்டியின் நெருங்கிய உறவு. பழுப்புக்கு வால்நட் காயின் தோல். நீலத்துக்கு அவுரி, அதைக் கரைக்க வீட்டுச் சிறுநீரையே தொட்டியில் ஊற்றிப் புளிக்க வைத்தார்கள், முகம் சுளிக்காதீர்கள். காலனிக் காலத்தில் தென் கரோலினாவில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த அவுரிக்குப் பிரிட்டன் மானியம் கொடுத்துவந்தது. சுதந்திரத்தோடு அந்த மானியம் போனது, பயிரும் படுத்தது. அதன்பின் உலகச் சந்தையைப் பிடித்தது வங்காள அவுரி. அமெரிக்கக் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து அதை ஏற்றிச் சென்றன. உங்கள் வீட்டுப் போர்வையின் நீலம் எந்த மண்ணுடையது என்று பார்த்தவுடன் சொல்ல வழியில்லை. நம் துணைக்கண்டத்து விவசாயி ஒருவன் அதில் இருக்கக்கூடும் என்று மட்டும் சொல்லலாம்.

வெள்ளை எந்த மண்ணுடையது என்பதில் அவ்வளவு சந்தேகம் வேண்டாம். 1790இல் சாமுவேல் ஸ்லேட்டர் ரோட் ஐலண்டின் பாடக்கெட்டில் நீர்விசையில் பருத்தி நூற்பைத் தொடங்கினார். 1793இல் எலி விட்னியின் பருத்திக் கொட்டை நீக்கும் பொறி வந்தது. ஆலை நூல் மலிந்து, வடக்கின் வீடுகளிலும் பாவுக்குப் பருத்தி வந்ததன் பின்னால் தெற்கின் தோட்டங்களில் பருத்தி எடுத்த கறுப்பின அடிமைகள் இருக்கிறார்கள். அதே தோட்டங்களில் அடிமைப் பெண்களே நூற்றார்கள், நெய்தார்கள், கவர்லெட்டும் நெய்தார்கள். அவை எஜமானியம்மாவின் பெயரில் பேரன் பேத்திகளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பெயர் போடாத வெள்ளைக்காரப் பெண்ணைப் பற்றியாவது ஒரு குடும்பக் கதை மிஞ்சும். இவர்களுக்கு அதுவும் இல்லை. துணி மட்டுமே சாட்சி. அந்தச் சாட்சியையும் நாம் ஆறு குஷன்களாகப் பிரித்துவிட்டால்?

‘பணம் கொடுத்து வாங்கினேன், என் பொருள்’ என்பீர்கள். சட்டப்படி சரி. ‘ஏற்கெனவே கிழிந்ததைத்தானே வெட்டினேன்’ என்பீர்கள். பாதி உண்மை. கிழிந்த கவர்லெட்டிலும் நூலின் முறுக்கும் சாயமும் கோப்பு முறையும் சேதமில்லாமல் இருக்கும். ஆராய வருபவருக்கு அழகு முக்கியமில்லை. ‘மியூசியங்களே வேண்டாம் என்கின்றன’ என்று விவரம் தெரிந்த சிலர் சொல்வார்கள். அதுவும் பொய்யில்லை. பல அருங்காட்சியகங்களின் அலமாரிகள் நிரம்பிவிட்டன. விலையும் முன்புபோல இல்லை. ஆனால் விலை இறங்கிய நேரத்தில்தான் ஒரு பொருள் அதிகமாக அழியும். அதைக் காப்பாற்ற வேண்டிய இடம் அப்போது மியூசியம் அல்ல, வீடு. உங்கள் வீடு.

வீட்டில் ஒருவர் பத்திரமாக வைத்திருந்ததால் என்ன நடந்தது என்று ஒன்று சொல்கிறேன். வட கரோலினா மலைகளில் பிரஸ்பிட்டீரியன் மிஷன் வேலைக்குப் போன ஃபிரான்சஸ் குட்ரிச்சுக்கு 1895இல் ஒரு பெண் நாற்பது வயதான ஒரு பழுப்பு கவர்லெட்டைப் பரிசாகக் கொடுத்தார். டபுள் போநாட் என்ற மாதிரி. குட்ரிச் அதை மடித்து வைத்துவிடவில்லை. இதை மறுபடி நெய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று மலையெல்லாம் தேடினார், பரணில் கிடந்த தறிகளை இறக்க வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆலன்ஸ்டாண்ட் என்ற குடிசைத் தொழில் அமைப்பு. 1931இல் அதை மலைநாட்டுக் கைவினைஞர் சங்கத்திடமே ஒப்படைத்தார். அதற்கு முன்பே, 1913இல், அதிபர் உட்ரோ வில்சனின் மனைவி எல்லென், வெள்ளை மாளிகையின் ஒரு படுக்கையறையை மலைநாட்டுப் பெண்களின் நெசவாலேயே அலங்கரித்தார். டென்னசியின் எல்மீடா வாக்கரும் வட கரோலினாவின் ஜோசஃபின் மாஸ்டும் அதற்கு நெய்தவர்கள். மொன்டானாவின் சிறிய சுரங்க ஊர் ஒன்றில் இருந்த மேரி மீக்ஸ் அட்வாட்டர், பழைய கோப்புச் சீட்டுகளையும் பழைய துணிகளையும் படித்துப் படித்து 1928இல் அமெரிக்கக் கைநெசவு பற்றிப் புத்தகமே எழுதினார். இன்று அமெரிக்கா முழுதும் கில்டுகளில் நெய்பவர்கள் அந்த ஏணியில் ஏறியவர்கள்தான், நானும் சேர்த்து. குட்ரிச் அந்தப் பழுப்புப் போர்வையில் நாலு திண்டு உறை தைத்திருந்தால் அவர் வரவேற்பறை அழகாகத்தான் இருந்திருக்கும்.

கோப்புச் சீட்டு என்றேனே, அதைப் பார்த்தால் நீங்கள் குப்பையில் போட்டுவிடுவீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். விரல் அகலமே உள்ள நீண்ட காகிதத் துண்டு. பழைய கடிதத்தின் பின்புறமாகக்கூட இருக்கும். நான்கு கோடுகள், அவற்றின் மேல் சிறு சிறு எண்களோ கோடுகளோ. தறியில் குத்தி வைத்ததால் ஊசித் துளைகள். இவ்வளவுதான் ஒரு மாதிரியின் முழு ரகசியமும்: எந்த இழை எந்தச் சட்டத்தில் என்ற வரிசை. மிதிக்கட்டைகளை எந்த வரிசையில் மிதிப்பது என்பதற்குத் தனிக் குறிப்பு பெரும்பாலும் இருக்காது. எழுதியபடியே மிதி என்பதுதான் விதி. கோத்த வரிசையிலேயே மிதித்து வந்தால் மாதிரி தானாக விழும். தையல் பெட்டிக்குள், பைபிளின் பக்கங்களுக்கு நடுவில் இவை சுருட்டிக் கிடக்கும். பெட்டியோடு வாங்கினால் தயவுசெய்து கொட்டிக் கவிழ்க்காதீர்கள். மாதிரியின் பெயர் ஓரத்தில் இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்: நத்தைத் தடம், பூனைத் தடம், ரதச் சக்கரம், போனபார்ட்டின் அணிவகுப்பு. ஒரே மாதிரிக்கு மலையின் இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் ஒரு பெயர். கென்டக்கியின் எலைசா கால்வர்ட் ஹால் 1912இல் அவற்றைப் புத்தகமாகத் தொகுத்தபோது, பாட்டிகளிடம் கேட்டுக் கேட்டுத்தான் சேர்த்தார்.

சீட்டு இல்லாவிட்டாலும் பாதகமில்லை, துணியே சீட்டுதான். ஓவர்ஷாட் கவர்லெட்டில் ஒரு மூலையிலிருந்து குறுக்காக எதிர்மூலை நோக்கி ஒரு சாய்கோடு ஓடும். ஒரு பூதக்கண்ணாடியும் கட்டம் போட்ட நோட்டும் எடுத்துக்கொண்டு அந்தக் கோட்டிலேயே போங்கள். ஒவ்வொரு தாவலும் எத்தனை பாவு இழைகளைத் தாண்டுகிறது என்று எண்ணி எழுதுங்கள். மாதிரி திரும்பி வரும் இடத்தில் நிறுத்துங்கள். கோப்பு வரிசை உங்கள் கையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். கணக்குப் போடும் கூட்டம் நாம். நமக்கு இது பிடிக்காமல் போகாது. அதை வைத்து நாலு சட்டத் தறியில் யார் வேண்டுமானாலும் புதுத் துணி நெய்து, அதை எப்படி வேண்டுமானாலும் வெட்டி ஜாக்கெட் தைக்கலாம். புதுத் துணியில் தாவல்களைச் சிறிதாக்கி, வெட்டினாலும் தாங்கும்படி நெய்துகொள்ளவும் முடியும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். வெட்டாதீர்கள். விரியுங்கள், போர்த்துங்கள், சுவரில் தொங்கவிடுங்கள், கொலுவுக்குப் பின்னால் திரையாகக் கட்டுங்கள், வெயில் நேராகப் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். வாஷிங் மெஷினில் போட வேண்டாம். கம்பளி சுருங்கும், பருத்தி அந்த அளவுக்குச் சுருங்காது, போர்வை அப்பளமாகக் கொப்பளித்துவிடும். பூச்சி இருக்குமோ என்று சந்தேகமிருந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஓரிரு வாரம் ஃபிரீசரில் வையுங்கள்.

அதைவிட முக்கியம், வாங்கும் இடத்திலேயே விற்பவரிடம் கேளுங்கள். இது யாரிடமிருந்து வந்தது? அந்தக் குடும்பம் எந்தக் கவுண்டியில் இருந்தது? இதை வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? நாம் பேரம் பேசுவதற்குச் செலவிடும் நேரத்தில் பாதிகூட ஆகாது. அந்த வீட்டின் கடைசிப் பேத்தி அன்று மதியம் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவாள். அதற்குப் பிறகு கேட்க ஆள் கிடையாது. அவள் சொல்வது தப்பாகவும் இருக்கலாம், பரவாயில்லை, சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பருத்தி நாடாவில் அழியாத மையால் எழுதி, போர்வையின் பின்பக்க ஓரத்தில் கையால் நாலு தையல் போட்டு வையுங்கள். முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை, நடுத்தையல், இவற்றைப் படமெடுத்து அந்தக் கவுண்டியின் வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். போர்வையை வாங்க இடமில்லாதவர்கள்கூடப் படத்தையும் குறிப்பையும் வேண்டாம் என்று சொல்வது அரிது.

வெட்டியே தீர வேண்டிய அளவுக்கு ஒரு போர்வை நைந்துவிட்டால், நான்கு மூலைகளையும் நடுத்தையலோடு சேர்ந்த ஒரு முழு மாதிரியையும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவாவது மிஞ்சட்டும்.

தமிழ்ச் சங்கங்களில் தையல் வகுப்பு நடத்தும் அக்காக்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். அடுத்த வகுப்புக்குக் கொண்டுவர வேண்டிய பொருள் பட்டியலிலிருந்து ‘பழைய கவர்லெட் ஒன்று’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு பூதக்கண்ணாடி கொண்டுவரச் சொல்லுங்கள். கவர்லெட் வைத்திருப்பவர்கள் வெட்டாமல் எடுத்து வரட்டும், சாய்கோட்டைப் பிடித்துக் கோப்பு வரிசையை எல்லோரும் சேர்ந்து எழுதுவோம். எழுதி முடித்ததை நெய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் வீட்டுத் தறி காலியாகவே இருக்கிறது. நூல் செலவு உங்களுடையது. பாவு ஓட்டித் தருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
பென்சில்வேனியாவிலிருந்து,
உங்களோடு அதே வரிசையில் நிற்கும் ஒருத்தி